அந்த ராத்திரி நான் யாரிடம் பேசினேன்?

போன மாதம் ஒரு மதியம், அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருவேளை சாமி இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணினதே இல்லையா?"

"இல்லை" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவன் தலையாட்டிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான்.

நான் சொன்னது பொய். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை, மடக்கவும் கேட்கவில்லை. அவனுக்கே உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் தெரிந்தது. அப்படிக் கேட்ட ஒருவனுக்கு மேடைப் பேச்சாளன் மாதிரி ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நாத்திகனாக இருப்பவனை யாரும் சும்மா இருக்க விடுவதில்லை. கல்யாணப் பந்தியில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எங்காவது ஒருவர் வாதத்துக்கு வந்துவிடுவார். "எல்லாம் ரத்தம் சூடா இருக்கிற வரைக்கும்தான் தம்பி, அம்பது தாண்டட்டும்" என்பார். அடுத்த வரியில் கண்ணதாசன் வருவார். திராவிட இயக்கத்தில் நாத்திகம் பேசியவர், பின்னாளில் இந்து மதத்தின் பெருமையைப் பாகம் பாகமாக எழுதினாரே, நீ எம்மாத்திரம் என்பதுதான் அதன் பொருள். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் உள்ளே ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் வெளியே காட்ட மாட்டோம். காட்டினால் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஒரு குரல் தயாராக இருக்கும்.

பக்தர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரில் நின்று, எங்களை இப்படித் தவிக்கவிட்டு நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று சிவபெருமானிடமே கோபித்துக்கொண்டு பாடினார். அந்தக் கோபத்தையும் பக்தியிலேயே சேர்த்து, தேவாரத்தில் வைத்துப் பாதுகாத்திருக்கிறோம். நம்புகிறவனின் சந்தேகம் அவன் நம்பிக்கைக்கு அழகு சேர்க்கிறது. நம்பாதவனின் சந்தேகத்தை மட்டும் தோல்விக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் நாத்திகனாக ஆகவில்லை, நாத்திகன் வீட்டில் பிறந்தேன். லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். 1957 நவம்பர் 26ஆம் தேதி நடந்த அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தில் 6 மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். அப்போது அவருக்கு வயது 21. எங்கள் வீட்டுச் சுவரில் தாடியோடு பெரியார் இருந்தார், காலண்டரில்கூடச் சாமி படம் கிடையாது. தன் சொல்லையே அப்படியே நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு என்பது பெரியார் மேடைக்கு மேடை சொன்னது. இதை எனக்கு 5 வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை அப்படியே நம்பினேன். இதில் இருக்கும் சிக்கல் எனக்குப் புரிய 40 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

எட்டாம் வகுப்பில் ஒன்று நடந்தது. பக்கத்தில் உட்காரும் பையனின் ஹீரோ பேனாவை அவனுக்குத் தெரியாமல் எடுத்து எழுதி, நிப்பை வளைத்துவிட்டேன். பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் இடுக்கில் சொருகி வைத்தேன். பேனா காணோம் என்று ஒரே ரகளை. கடைசியில் பையன்களே பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்கள். ஒருவன் ஓட்டுச்சில்லில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவனாகக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் முறை வந்தபோது, "இவன்தான் சாமியே இல்லம்பானே, இவனுக்கு என்ன பயம்" என்று எவனோ சொன்னான். நியாயமான கேள்வி. ஆனால் என் கை எழவே இல்லை. கற்பூரம் எரிந்து எரிந்து ஓடு கறுத்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் பேனா இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உண்மையைச் சொன்னது நல்லது. ஆனா பயந்துபோய்ச் சொன்னே பாரு, அதை யோசி" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஓட்டுச்சில்லுதான் ஞாபகம் வந்தது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் உட்காரவைத்து, கடவுளுக்குச் சவால் விடும் வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். 'என் அப்பா அம்மாவைத் தண்ணீரில் மூழ்கடித்துக் காட்டு பார்க்கலாம்' என்கிற மாதிரி. படிக்கும்போது விரலில் எவ்வளவு வியர்க்கிறது என்பதைக் கருவி வைத்து அளந்தார்கள். நாத்திகர்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். ஆனால் பக்தர்களுக்கு வியர்த்த அளவுக்கு அவர்களுக்கும் வியர்த்திருந்தது. அப்பா அம்மா சாகட்டும் என்று சொன்னால் யாருக்குத்தான் பதறாது என்று கேட்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். அதே கெடுதல் நடக்கட்டும் என்று வெறுமனே சொல்வதைவிட, கடவுளை அழைத்துச் சொன்னபோதுதான் நாத்திகர்களுக்குப் பதற்றம் கூடியது.

இதை வைத்து 'உள்ளுக்குள் எல்லோரும் ஆத்திகர்தான்' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று நான் இன்றுவரை சொன்னதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்கிறேன். 'போறேன்' என்றால் திரும்ப மாட்டேன் என்று நம்பியா அப்படிச் சொல்கிறேன்? பேசக் கற்றுக்கொண்டபோதே நாக்கில் ஏறிவிட்டது. அப்பாகூடக் கால் இடறினால் "கடவுளே" என்றுதான் சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். தோலும் நாக்கும் ஊரிடமிருந்து கற்றுக்கொண்டவை. அறிவு ஒன்றை விட்டுவிட்டது என்பதற்காக அவை உடனே விட்டுவிடாது.

ஆனால் 2012இல் நடந்ததை இப்படி விளக்கி ஒதுக்க என்னால் முடியவில்லை.

மகளுக்கு அப்போது 9 வயது. டெங்கு. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க டெங்குவாகத்தான் இருந்தது. தெருவுக்குத் தெரு நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி ஊற்றினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, பிழைத்தோம் என்று நினைத்தோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லென்று ஆகிவிட்டது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். தட்டணுக்கள் காலையில் 42,000, மாலையில் 24,000, ராத்திரி 17,000. வாசலில் காத்திருந்த எல்லோரும் ஒருவரையொருவர் "கவுண்ட் எவ்வளவு?" என்றுதான் விசாரித்துக்கொண்டோம்.

டாக்டர் பொறுமையான மனிதர். "கவுண்டையே பாத்துப் பயப்படாதீங்க. ரத்தக்குழாய்லருந்து நீர் கசியுது, ரத்தம் கெட்டியாகுது. பி.சி.வி.ன்னு ரத்தத்தோட கெட்டியைக் காட்டுற அளவு ஏறாம பாத்துக்கணும், யூரின் போகணும். சலைன் குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மணிக்கு மணி பாத்துத்தான் ஏத்துறோம்" என்றார்.

அம்மா ராத்திரி 11 மணிக்கு வந்தார். முந்தானையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். மஞ்சளில் நனைத்த வெள்ளைத் துணி, நடுவில் ஒரு ரூபாய்க் காசு. துணி இன்னும் முழுதாகக் காயவில்லை, உள்ளங்கையெல்லாம் மஞ்சள் ஒட்டியது. "மாரியாத்தாளுக்கு முடிஞ்சிருக்கேன். நீ ஒண்ணும் நம்ப வேண்டாம்டா. கையில மட்டும் வச்சிரு" என்றார். அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், 76 வயது. என் கையையே பார்த்தார். எதையோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கீழ போட்டுடாத, அப்புறம் உங்கம்மா தேடுவா" என்றார், அவ்வளவுதான்.

இரண்டரை மணி இருக்கும். உள்ளே மானிட்டர் சத்தம் மாறியது. நர்ஸ் ஒருத்தர் வேகமாக வந்து திரையை இழுத்துவிட்டார். வெளியே நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அப்போது பேசினேன். வாய்விட்டு இல்லை, ஆனால் வார்த்தையாகத்தான் பேசினேன். 'இருந்தா, அவள விட்டுடு.' மூன்று வார்த்தைகள்.

அது வெறும் நாக்குப் பழக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே எனக்கு எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒன்றிரண்டு நிமிஷம் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. முடிச்சை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், காசின் விளிம்பு பதிந்த தடம் காலைவரை உள்ளங்கையில் இருந்தது. ஒரு நாத்திகன் தன் நாத்திகத்தைச் சந்தேகித்ததுண்டா என்று கேட்டால், ஆமாம், இதுதான் அந்த நிமிஷம்.

விடிகிற நேரத்தில் மகளுக்கு யூரின் போனது. பி.சி.வி. இறங்க ஆரம்பித்தது. மறுநாள் கவுண்ட் 31,000. அம்மா கைகூப்பி, "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்றார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அதே ஐ.சி.யூ.வில் மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். 7 வயது, அவனுக்கும் டெங்கு. அவன் அம்மாவின் இடது மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறுகள். சமயபுரம், நாகூர், வேளாங்கண்ணி என்று யார் யார் எங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தார்களோ எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தார். பையன் ஐந்து மணிக்கு இறந்துவிட்டான்.

அந்த அம்மா வெளியே வந்தபோது அழவில்லை. வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடினார். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. ஒரு காலில் போட்டுக்கொண்டு, இன்னொரு காலால் மற்றவர்களின் செருப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து தேடினேன். பெஞ்சுக்கு அடியில் கிடந்தது, எடுத்து அவர் காலருகே வைத்தேன். போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு இரங்கியது ஒருவர் என்றால், அவரே இந்த அம்மாவின் ஏழு கயிற்றையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர். என் மூன்று வார்த்தையில் ஒரு 'இருந்தா' வேறு இருந்தது. அந்த அம்மாவிடம் அப்படி எந்த நிபந்தனையும் இருந்திருக்காது. நான் நன்றி சொல்ல வேண்டும் என்றால், அந்த அம்மா கேட்கும்படி சொல்ல முடிகிற நன்றியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. என் சந்தேகம் தீர்ந்தது தர்க்கத்தால் இல்லை, அந்தச் செருப்பால்.

அதற்குப் பிறகு வந்தது வேறு மாதிரிச் சந்தேகம், அதுதான் பெரியது. நான் இதுவரை பிடித்துக்கொண்டிருந்தது என்னுடையதா, அப்பாவுடையதா? திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவன் திருநீறு பூசுகிறான், கறுப்புச் சட்டை வீட்டில் பிறந்தவன் இல்லை என்கிறான். நான் எங்கே யோசித்தேன்? மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, நிறையப் படிக்க ஆரம்பித்தேன். என்னை மாதிரி ராத்திரிகளைக் கடந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினேன்.

அப்பாவின் அலமாரியிலேயே ஒருவர் இருந்தார். பகத்சிங், தான் ஏன் நாத்திகன் என்று 1930இல் லாகூர் சிறையிலிருந்து எழுதியது. 1930களிலேயே பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் அதைத் தமிழாக்கி, அதற்காகக் கைதும் ஆனார். சின்ன வயதில் அதை வீரவசனமாகத்தான் படித்திருந்தேன். இப்போது படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. 1927இல் முதல் முறை போலீஸ் பிடித்து வைத்திருந்தபோது, காலையும் மாலையும் பிரார்த்தனை செய் என்று அதிகாரிகளே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருக்கும் நாளில் நாத்திகம் பேசுவது பெரிய விஷயமில்லை, இந்த மாதிரி நேரத்திலும் நம்மால் அப்படி நிற்க முடிகிறதா என்று அவர் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறார். உடனே பதில் வரவில்லை, யோசித்துத்தான் முடிவெடுத்தேன் என்கிறார். கடவுள் நம்பிக்கை கஷ்டத்தின் கடுமையைக் குறைக்கும், அது இல்லாதவன் தன்னையே நம்பி நிற்க வேண்டும், அது சுலபமில்லை என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். 1931 மார்ச் 23ஆம் தேதி தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 23. அந்த வயதில் அவர் ஒத்துக்கொண்டதை நான் 56 வயதில், தயிர்சாதம் சாப்பிடும் பையனிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடியவர். 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன், 4 வயதுகூட நிறையாத குழந்தை, ஸ்கார்லெட் காய்ச்சலில் சில நாளில் போய்விட்டது. பாதிரியாராக இருந்த நண்பர் கிங்ஸ்லி, மறுமையை நம்பினால் இந்தத் துக்கம் ஆறும் என்கிற விதமாக ஆறுதல் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி எழுதிய பதில் மிக நீளம். தன் மனதைத் துருவித் துருவிப் பார்த்து எழுதியிருக்கிறார். எனக்கு அது வேண்டும் என்பதே அது உண்மை என்பதற்குச் சாட்சியாகிவிடாது, மனைவி, குழந்தை, பேர், புகழ் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். குழந்தை போய் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏயர் என்ற தத்துவப் பேராசிரியர் கதை எனக்கு ரொம்ப நெருக்கமானது. 1988இல், 77 வயதில், ஆஸ்பத்திரியில் மீன் துண்டு தொண்டையில் சிக்கி அவர் இதயம் 4 நிமிஷம் நின்றுபோனது. கண் விழித்தவர், கண்ணைக் கூசும் ஒரு சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததாக எழுதினார். சாவோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற தன் உறுதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றும் எழுதிவிட்டார். வாழ்நாள் முழுக்க நாத்திகம் பேசியவர், சும்மா விடுவார்களா? சில வாரம் கழித்து மறுபடி எழுதினார். சாவுக்குப் பின் ஒன்றுமில்லை என்ற கருத்து அப்படியேதான் இருக்கிறது, அதை நான் பிடித்துக்கொண்டிருந்த விறைப்புதான் தளர்ந்தது என்றார். இதை மழுப்பல் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது துல்லியமாகப் படுகிறது. 2012க்குப் பிறகு எனக்கு நடந்ததும் அதுதான்.

அந்த விறைப்பு போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அம்மாவோடு சண்டை போடுவது நின்றது. 2016இல் அப்பா இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். கருமாதி இல்லை, படத்திறப்பு வைத்தோம், அவர் சொல்லி வைத்தபடியே. மூன்றாம் நாள் அம்மா ஒரு பிடி சோற்றை வாழையிலையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்தார். முன்பாக இருந்தால் அப்பாவின் கொள்கை என்று ஏதாவது பேசியிருப்பேன். கதவைத் திறந்துவிட்டேன். அம்மா காக்கையைக் கூப்பிடும் குரல் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது ஒருநாள் அம்மாவே சொன்னார். கல்யாணமான புதிதிலிருந்து, வருஷம் ஒரு முறை அப்பாதான் அவரைச் சமயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். உள்ளே வர மாட்டார். வெளியே செருப்பு விடும் இடத்தில் விடுதலை பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அதே வீட்டில் வளர்ந்த எனக்கோ தங்கைக்கோ இது தெரியாது.

மகளுக்காக முடிந்த காசை அம்மா செலுத்தவே இல்லை. முழங்கால் வலி, அப்பாவின் சாவு, அப்புறம் கொரோனா. 2021 தொடக்கத்தில் அவரும் போய்விட்டார். தகரப் பெட்டியில் அந்த முடிச்சு இருந்தது. மஞ்சள் வெளுத்து, துணி விறைத்துப் போயிருந்தது. எடுத்து என் பீரோவில் வைத்தேன். மூன்று வருஷம் அங்கேயே கிடந்தது. நம்பாத கடவுளுக்கு நான் கடன்பட்டவன் இல்லை. ஆனால் சொல் அம்மாவுடையது. கடனை வைத்துவிட்டுப் போனவர் அவர். அப்பாவின் உடலை அவர் சொன்னபடி கொடுத்தவன், அம்மாவின் காசை மட்டும் எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்?

போன வருஷம் பங்குனியில் சமயபுரத்துக்குப் போனேன். மகளும் வந்தாள். அது பச்சைப் பட்டினிக் காலம். ஊரில் நோய்நொடி வராமல் இருக்க மக்களுக்காக 28 நாள் அம்மனே விரதம் இருப்பதாக நம்பிக்கை. அந்த நாட்களில் தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது, இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு மாதிரியானவை மட்டும்தான் படைப்பார்கள். மற்ற ஊர்களில் சாமிக்காக மனிதர்கள் பட்டினி கிடப்பார்கள். இங்கே மனிதர்களுக்காகச் சாமி பட்டினி கிடக்கிறாள். இதை யோசித்தவர்கள் எப்பேர்ப்பட்ட நோயையும் சாவையும் பார்த்திருக்க வேண்டும் என்று வரிசையில் நின்றபோது தோன்றியது. எனக்குத் தொண்டையை அடைத்தது. நம்பாமல் இருப்பதற்கும் இதற்கும் ஒரு முரணும் இல்லை.

உண்டியல் பக்கம் வந்ததும் முடிச்சைப் பிரிக்காமல் அப்படியே போட்டேன். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு கூட்டம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த ராத்திரி மாதிரி ஏதாவது வார்த்தை வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் தடுப்பதில்லை என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். பின்னால் ஒரு பெண், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. புள்ளையத் தூக்கிக் காட்டணும்" என்றார்.

நகர்ந்து வழி விட்டேன்.